மூடிய மில்லில் முப்பத்தொரு பேர்

அத்தியாயம் பதினான்கு

நாலு வருடம் கட்டாரில் கிடந்துவிட்டு ஊருக்கு வந்து ஐந்தே நாள் ஆன மாப்பிள்ளைக்குச் சனிக்கிழமை காலையில் என்ன வேலை இருக்கும்? தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கொண்டுவந்த ரேடியோ கெசட்டை ஊருக்கே கேட்கும்படி அலறவிட்டு, போகிறவன் வருகிறவனையெல்லாம் கூப்பிட்டு வைத்துக் கதைக்க வேண்டும். மருதமுனையில் அதுதான் வழக்கம்.

ஸலாஹுதீனோ மேசையில் ஒரு கடதாசியை விரித்து, அது பறந்துவிடுமோ என்பதுபோல் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இரண்டு ஓரத்திலும் வரிசையாகத் துளை போட்ட நீளக் கடதாசி. ஹாஜியாரின் சாறன் நெசவு மில்லுக்கு ஐந்து மாதத்துக்கு முன் கொழும்பிலிருந்து மெத்தையில் சுற்றி லொறியில் வந்திறங்கிய கம்பியூட்டர் அச்சடித்தது. நவம்பர் மாதம் யார் யார் எத்தனை மணித்தியாலம் வேலை செய்தார்கள் என்ற பட்டியல். மில் சுவரில் ஒட்டியிருந்ததைக் கிழித்துக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்த புண்ணியவதி யாரென்று போன வாரமே பார்த்தோம். அவனுடைய ராத்தா உம்மு. கூடப்பிறந்த மூத்தவள், மூன்று வீடு தள்ளி இருப்பவள். ஆடு நனைகிறதென்று அழுத ஓநாயைப் போல, "தம்பி, உனக்காகத்தான் சொல்லுறன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"மைமூனா, இஞ்ச வா."

மைமூனா அடுப்படியிலிருந்து வந்தாள். மில்லுக்குப் போகச் சேலை உடுத்தியிருந்தாள். மகள்மார் இருவரும் ஓதப் போயிருந்தது அல்லாஹ்வின் கிருபைதான்.

"இது உன்ட பேர்தானே?"

"ஓம்."

"வாசி."

அவள் குனிந்து பார்த்தாள். "சாதாரண நேரம் இருநூத்தி இருவது. ஓவர்டைம்..."

"ஓவர்டைம்?"

"பூச்சியம்."

"பூச்சியம்." அவன் அந்தச் சொல்லை மேசையில் தட்டி வைத்தான். "கெசட்டில கதைச்சுப் பதிஞ்சு அனுப்பினயே, ஞாபகமிருக்கா? 'வியாழன் ராவுல மில்லில ஓவர்டைம், புள்ளயள உம்மா பாக்கா' எண்டு. போன மாசம் அஞ்சு வியாழன். அஞ்சு நாளும் ராவு பத்தரைக்குப் பொறகுதான் வந்து இறங்கியிருக்காய். எங்க இருந்து வந்த?"

"மில்லில இருந்து."

"மில்லுட கடதாசி இல்லெண்டு சொல்லுதே!"

"நீங்க நிக்காஹ் முடிச்சது கடதாசியயா, என்னயா?"

"வாய் காட்டாத. கம்பியூட்டருக்கு உன்னோட என்ன கோவம்? அதுக்குப் பொய் சொல்லி என்ன கிடைக்கப் போகுது? மத்தப் பொம்புளையள் எல்லாருக்கும் ஓவர்டைம் விழுந்திருக்கு. ஒருத்திக்கு இருவது, ஒருத்திக்கு பன்ரெண்டு. உனக்கு மட்டும் பூச்சியம். கணக்கடிச்சது ஆரு? உன்ட கூடப்பொறந்த தங்கச்சி!"

அது சுட்டது. மைமூனாவின் முகம் ஒருமுறை இறுகித் தளர்ந்தது.

"என்னோட நிண்டு வேலை செஞ்சவங்க இரிக்காங்க. போய்க் கேளுங்க."

"பொம்புளைக்குப் பொம்புளை மறைப்பாங்க. நான் வந்த கிழமை மட்டும் வியாழன் ராவு வேலை இல்லாமப் போனது எப்பிடி? அதச் சொல்லு."

"நாலு வருசத்துக்குப் பொறகு மாப்புள வந்திரிக்கார் எண்டு லீவு கேட்டு நிண்டன். அதுவும் குத்தமா?"

அவன் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தான்.

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. இந்தக் கரையில் வீடு பெண்ணுடையது. பெற்றவன் மகளுக்குக் கட்டிக் கொடுப்பான். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவான். அதே பெட்டி திரும்பவும் வாசலைத் தாண்டினால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். வெறும் வாயை மென்றுகொண்டிருக்கும் தெருவுக்கு அவல் கிடைத்துவிடும்.

மைமூனா மில்லுக்குப் போனதே அந்த வீட்டுக் கணக்கால்தான். இரண்டு மகள். இரண்டு வீடு கட்ட வேண்டும். கட்டாரிலிருந்து வருவது ஒரு வீட்டுக்கே போதாது என்று அவள்தான் தன் வாயால் கேட்டாள்; அவன்தான் தன் வாயால் சம்மதித்தான்.

"ராத்தா வீட்ட போறன்," என்றான் ஸலாஹுதீன். "அந்திக்கு மஹ்ரிப் தொழுதிட்டு, தலாக்குக் கேட்டுக் காதியார் வீட்டுக்குப் போவன். இந்தக் கடதாசிதான் சாட்சி."

மைமூனாவின் நாக்கு நுனிவரைக்கும் ஒரு பெயர் வந்தது. ஒவ்வொரு வியாழன் இரவும் அவளை மில்லில் கண்ணால் கண்ட ஓர் ஆணின் பெயர். அவள் அதை விழுங்கிக்கொண்டாள். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கி நிற்கிற நேரத்தில் இன்னோர் ஆணின் பெயரைச் சொல்வது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதுதான்.

பெட்டி வாசலைத் தாண்டியது. எதிர்வீட்டு வேலிக்குள் இரண்டு தலைகள் உயர்ந்தன.

மைமூனா அழவில்லை. கதவைப் பூட்டினாள். பூட்டிய கதவை ஒருமுறை காலால் உதைத்தாள். பிறகு மில்லுக்கு நடந்தாள்.

*

கம்பியூட்டர் இருந்த அறைதான் மில்லிலேயே நல்ல அறை. புதுச் சுண்ணாம்பு, ஒரு மின்விசிறி, கதவில் திரை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். முன்பு அங்கே பெனடிக் என்ற கல்முனை வேதக்காரக் கிளாக்கர் ஒருவர் இருபது வருடம் பேனையும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கிடைக்காத மின்விசிறி கம்பியூட்டர் பெட்டிக்குக் கிடைத்தது. பெட்டி வந்த மாதமே அவர் வேலையை விட்டுவிட்டார்.

இப்போது அந்தக் கதிரையில் சுபைறா. மைமூனாவின் தங்கச்சி. வயது இருபத்து மூன்று. கொழும்பில் தெமட்டகொடையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி ஆறு மாதம் கம்பியூட்டர் படித்துவிட்டு வந்தவள். அதை உயிருள்ள பிராணிபோலத் தடவித் தூசு தட்டுவாள். அவளுடைய பெருமை அந்தத் திரைக்குப் பின்னால்தான் இருந்தது.

மைமூனா செருப்போடு உள்ளே வந்தாள்.

"ராத்தா, செருப்பு..."

"செருப்பு கிடக்கட்டும். நவம்பர் மாசம் நான் ஓவர்டைம் செய்யல்லயா?"

சுபைறாவுக்குக் காலையிலேயே செய்தி வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் இருப்பவள்தானே. மச்சான் பெட்டியோடு போனதை யன்னலால் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தாள். ஆனால் இங்கே திரைக்கு அந்தப் பக்கம் சுப்பர்வைசர் நிற்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மில் முதலாளி மீராமுகைதீன் ஹாஜியார் இருக்கிறார். ஐந்து மாதமாக எல்லோரிடமும் அவள் ஒன்றைத்தான் சொல்லி வந்திருக்கிறாள். இன்றும் அதுவே வாயில் வந்தது.

"கம்பியூட்டர்ல பிழை வராது ராத்தா. வாசல்ல காவல் நிக்கிற ஆதம்பாவா காக்கா எழுதுற புத்தகத்தப் பாத்து ஒவ்வொரு வரியும் நான்தான் பதியிறன். உள்ள வந்த நேரம், வெளியில போன நேரம். மிச்சத்த அது கூட்டும்."

"அப்ப என்ட பூச்சியம் சரி."

"இல்ல... நான் அப்பிடிச் சொல்லல்ல." சுபைறா குரலைத் தாழ்த்தினாள். "நீ எல்லா வியாழனும் மில்லுக்குத்தான் வந்தயா ராத்தா?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள்.

மைமூனா இரண்டு கையையும் மேசையில் ஊன்றினாள்.

"இதே கேள்விய என்ட மாப்புள கேட்டார். அவர் நாலு வருசமா ஊர்ல இல்லாத மனிசன். நீ எங்க இருந்த? வியாழன் ராவு என்ட புள்ளயள நித்திரையாக்கினது ஆரு?"

"உம்மா."

"உம்மாவோட ஆரு?"

"நான்."

"நான் வந்து தட்டக்குள்ள கதவத் திறந்தது ஆரு?"

"நான்தான்."

"என்ட சீலையில என்ன மணந்திச்சி?"

சுபைறா தலையைக் குனிந்தாள். கஞ்சி மணம். மடிப்புக் கலையாத கோடிச் சாறனின் கஞ்சி மணம். வந்ததும் வராததுமாக, "இந்த மணம் தலையிடிக்குது, முதல்ல குளிச்சிட்டு வா" என்று அவளே எத்தனையோ முறை மூக்கைப் பொத்தியிருக்கிறாள்.

"மூக்கிருந்தும் என்னட்டக் கேக்கிறாய். கேளு. உன்ட பெட்டியட்டக் கேளு! நான் எங்க கிடந்தனெண்டு அதுவே சொல்லட்டும். மஹ்ரிபுக்கு முந்திச் சொல்லட்டும். மஹ்ரிபுக்குப் பொறகு உன்ட கணக்கும் எனக்கு வேணாம், நீயும் வேணாம்!"

கடைசிச் சொல்லை மில் முழுக்கக் கேட்டது. தறிகள் ஓடிக்கொண்டிருந்தும் கேட்டது.

*

கம்பியூட்டர் என்றதும் ஏதோ வானத்திலிருந்து மலக்கு இறங்கி வந்து கணக்கு எழுதுகிறதென்று ஊர் நினைத்தது. உண்மையில் அது கேள்வி கேட்டால் பதில் சொல்கிற பெட்டி. ஒழுங்காகக் கேட்டால் ஒழுங்காகச் சொல்லும். மடத்தனமாகக் கேட்டால் மடத்தனமான பதிலையும் அதே பச்சை எழுத்தில், அதே வேகத்தில், வெட்கமில்லாமல் சொல்லும்.

சுபைறா எழுதி வைத்திருந்த கேள்வி இதுதான்: ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு திகதியிலும் விழுந்த மணித்தியாலங்களைக் கூட்டு. எட்டு வரைக்கும் சாதாரண நேரம். எட்டுக்கு மேலே போனது ஓவர்டைம்.

இதில் என்ன பிழை? எத்தனை தரம் வாசித்தும் ஒன்றும் தென்படவில்லை. ராத்தாவின் வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓவர்டைம் பூச்சியம். ஊர் முழுக்க அந்தப் பூச்சியத்தைத்தான் பார்த்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த எண்ணை யாருமே பார்க்கவில்லை.

சாதாரண நேரம் இருநூற்று இருபது.

சுபைறா விரலை மடக்கினாள். மாதத்தில் முப்பது நாள். மில்லுக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஐந்து வெள்ளி போக இருபத்தைந்து நாள். நாளுக்கு எட்டு. இருநூறு.

இருநூறுக்கு மேல் சாதாரண நேரம் யாருக்கும் வரவே முடியாது. இந்த இருபது எங்கிருந்து வந்தது?

அவள் புதிய கேள்வி ஒன்று எழுதினாள். நவம்பர் இரண்டாம் திகதி, வெள்ளிக்கிழமை, யாராவது வேலை செய்தார்களா?

மில் பூட்டிக் கிடந்த நாள். ஒருவரும் இல்லை என்று பதில் வர வேண்டும். பெட்டியின் திரையிலோ பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கத் தொடங்கின. பூமணி, உள்ளே ஆறரை, வெளியே பத்தரை. ஹாஜறா, உள்ளே ஆறரை, வெளியே பத்தரை. மைமூனா, உள்ளே ஆறரை, வெளியே பத்தரை. ஐந்து வெள்ளிக்கும் கேட்டாள். ஐந்திலும் வந்தார்கள். மூடிய மில்லில் முப்பத்தொரு பேர் வேலை செய்திருக்கிறார்கள்.

சுபைறா எழுந்தாள். வாசலுக்கு ஓடினாள். ஆதம்பாவா காக்காவின் பெரிய புத்தகத்தைக் கேட்காமலே இழுத்துப் புரட்டினாள்.

"என்னகா, என்ன தேடுறாய்?"

"காக்கா, வியாழக்கிழமை ராவு வாற ஆக்கள எந்தப் பக்கத்தில எழுதுவீங்க?"

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "இதென்ன கேள்வி? மஹ்ரிப் பாங்கு சொன்னாப் பொறகு நாள் மாறிட்டுதானே. வியாழன் முடிஞ்சி வெள்ளி ராவு. வெள்ளிப் பக்கத்திலதான் எழுதுவன். எந்த நாளும் அப்பிடித்தான். பாங்கு கேட்டா பக்கத்தத் திருப்புவன்."

அவர் சொன்னதில் பிழையே இல்லை. இந்த ஊரில் நாள் பிறப்பது பொழுது மறையும் மஹ்ரிபோடு. பிள்ளை பிறந்தாலும் ஆள் மௌத்தானாலும் அப்படித்தான் எண்ணுவார்கள். சுபைறாவும் அப்படித்தான் எண்ணி வளர்ந்தவள். அதனால்தான் ஐந்து மாதமாக அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பதிந்தும் அவள் கண்ணில் ஒன்றுமே உறுத்தவில்லை.

மற்ற நாட்களில் தப்பிவிட்டது. திங்கள் இரவு வேலை செவ்வாய்ப் பக்கத்தில் விழுந்தாலும், செவ்வாய்ப் பகல் எட்டு மணித்தியாலத்தோடு சேர்ந்து பன்னிரண்டாகி, நாலு ஓவர்டைமாக வெளியே வந்தது. வெள்ளிக்குத்தான் பகல் வேலை இல்லை. வியாழன் இரவு நாலு மணித்தியாலம் வெள்ளிப் பக்கத்தில் தனியாக நின்றது. எட்டுக்கு மேலே போகவில்லை, ஆகவே ஓவர்டைம் இல்லை என்று பெட்டி சொல்லிவிட்டது. வேறு இரவுகளிலும் வந்தவர்களுக்குக் கொஞ்சம் குறைந்தது. வியாழன் மட்டும் வந்தவளுக்கு எல்லாமே போனது. பொதி கட்டும் பகுதியில் மைமூனா ஒருத்திதான் வியாழன் மட்டும் வருகிறவள். வெள்ளி விடியச் சுபஹுக்கு லொறி கொழும்புக்குப் புறப்பட வேண்டுமே.

அலுமாரியில் பெனடிக் ஐயாவின் பழைய கணக்குப் புத்தகங்கள் கிடந்தன. சுபைறா ஒன்றை எடுத்துத் திறந்தாள். ஒவ்வொரு வெள்ளிப் பக்கத்திலிருந்தும் வியாழன் பக்கத்துக்கு ஒரு பென்சில் அம்புக்குறி. இருபது வருடம், கிழமைக்கு ஒன்று. "கிளாக்கர் ஐயா நித்திரை வந்தாக் கோடு கீறுவார் போல" என்று அவள் முதல் வாரத்தில் சொல்ல, மில்லே சிரித்தது. வேற்று மார்க்கத்துக்காரர் கண்டுபிடித்ததை இந்த ஊரில் பிறந்தவள் காணவில்லை.

அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அறைந்துகொள்ள நேரமில்லை. கேள்வியைத் திருத்தினாள். மஹ்ரிபுக்குப் பிறகு உள்ளே வந்த வரிகளுக்கெல்லாம் திகதியில் ஒரு நாளைக் குறைத்துவிட்டுக் கூட்டு.

மைமூனா. சாதாரண நேரம் இருநூறு. ஓவர்டைம் இருபது.

முப்பத்தொரு பெயரையும் பழைய எண், புதிய எண் இரண்டோடும் அச்சடித்தாள். பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்தவள் கடைசிப் பெயரில் நின்றாள். அப்துல் ஹமீட், லொறி. உள்ளே ஆறே முக்கால், வெளியே பத்தேகால். ஐந்து வியாழனும்.

ஸலாஹுதீனின் ராத்தா உம்முவின் கணவர்.

*

ஹாஜியார் பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து கடதாசியை வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார்.

"அஞ்சு மாசமுமா?"

"பெட்டி வந்த நாளிலயிருந்து, ஹாஜியார்."

அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நல்ல காரியம் செஞ்சாய். உன்ட ராத்தாட விசயம் எனக்குந் தெரியும். ஒரு குடும்பம் பிரியக் கூடாது. அவட வரிய மட்டும் திருத்தி அடி. நான் கையெழுத்து வெச்சித் தாறன். கொண்டுபோய் மாப்புளைட்டக் குடு."

"மத்த முப்பது பேர்?"

"அது கிடக்கட்டும். ஆறுதலாப் பாப்பம். இப்ப ஒட்டினா நாளைக்குத் தறி ஓடாது."

சுபைறாவுக்கு உடம்பு முழுக்கக் கொதித்தது. காலையில் தன்மேல் இருந்த கோபம் ஆள் மாறிவிட்டது.

"ஹாஜியார், ஒருத்திட வரி மட்டும் திருத்தினா ஊர் என்ன சொல்லும்? தங்கச்சி அடிச்ச கணக்குத்தானே எண்டு சொல்லும். ராத்தாட மானத்த நான் காப்பாத்தினதா ஆகாது. நானே கள்ளக் கடதாசி செஞ்சதாத்தான் ஆகும். முப்பத்தொரு பேர்ட பேரும் சுவர்ல நிண்டாத்தான் என்ட ராத்தாட பேர் நிக்கும்."

"புள்ள, நான் சொல்லுறதச் செய். சம்பளம் தாறது ஆரு?"

"அஞ்சு மாசமாச் சரியாத் தரல்லயே! அதத்தானே இந்தக் கடதாசி சொல்லுது!"

இப்படியொரு வார்த்தையை அந்த மில்லில் யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொன்னவளுக்கே நம்ப முடியவில்லை.

ஹாஜியார் கையை நீட்டினார். "அறைட திறப்பத் தா."

சுபைறா சாவியை மேசையில் வைத்தாள். கடதாசியை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டாள். அதை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள்.

ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. தறியிலிருந்தும் பொதியறையிலிருந்தும் பெண்கள் வெளியே வந்தபோது, பழைய பட்டியல் கிழிந்து கிடந்த சுவரில் சுபைறா கஞ்சிப் பசை தடவிக்கொண்டிருந்தாள். கடதாசியை ஒட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

பூமணிதான் முதலில் வாசித்தாள். பெரிய தொண்டைக்காரி. சொறிக்கல்முனையிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து வருகிறவள்.

"வியாழக்கிழமை ராவு வேலை! பாருங்கடி, எனக்கு இருவது குறைஞ்சிருக்கு! ஹாஜறா, உனக்கும் இருவது! மைமூனா, உனக்கு..." அவள் நிறுத்தினாள். காலையிலிருந்து மில்லுக்குள் சுற்றிய கதை அவளுக்கும் தெரியும். திரும்பி, கூட்டத்துக்குப் பின்னால் நின்ற மைமூனாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "உனக்கும் இருவது. அஞ்சு வியாழனும் என்ர பக்கத்திலதானே நிண்டு கட்டினாய். இதக் கேக்க ஒரு நாய்க்கும் வாயில்லாமப் போச்சா?"

முப்பது பெண்களின் கோபம் ஒரே நேரத்தில் வாய் திறந்தது. ஹாஜியாரின் அறை யன்னல் சாத்தப்பட்டது.

மைமூனா சுவருக்குக் கிட்ட வந்தாள். தன் வரியைப் பார்த்தாள். அடிவரைக்கும் பார்த்தாள். கடைசிப் பெயரில் அவள் கண்ணும் நின்றது.

"ராத்தா," என்றாள் சுபைறா. "பிழை என்னுடையதுதான். நான் கேட்ட கேள்வி பிழை."

"ஓம்," என்றாள் மைமூனா. "பெட்டியட்டக் கேட்டதச் சொல்லல்ல. என்னட்டக் கேட்டாயே, அதச் சொல்லுறன்."

அவள் நடந்துவிட்டாள். சுபைறா பின்னால் போகவில்லை.

*

செய்தி மைமூனாவுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. பெண்கள் தெருவால் கத்திக்கொண்டே போனால் சேராமல் என்ன செய்யும்? அவள் மகள்மாரை உம்மாவிடம் அனுப்பிவிட்டு வாசல் கேற்றுக்கு வந்தபோது, ஸலாஹுதீன் வெளியே நின்றான். கையில் பெட்டி. மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் செருப்பெல்லாம் சேறு. மேற்கே வானம் சிவந்து வந்தது. பாங்குக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருக்கும்.

"கேள்விப்பட்டன்," என்றான். "கணக்குப் பிழையாம். எல்லாருக்குமாம். சுவர்ல பாத்துட்டுத்தான் வாறன்."

மைமூனா கேற்றைத் திறக்கவில்லை.

"சரி, விடு. நடந்தது நடந்திட்டு. கதவத் திற."

"காலையில கடதாசி நான் கெட்டவளெண்டு சொல்லிச்சி. நம்பினீங்க. அந்திக்குக் கடதாசி நான் நல்லவளெண்டு சொல்லிச்சி. அதையும் நம்பினீங்க. நடுவில நான் ஒருத்தி சொன்னன். அத எப்ப நம்புவீங்க?"

"தெருவில நிண்டு கதைக்காத மைமூனா. ஆக்கள் பாக்காங்க."

"பெட்டியத் தூக்கிப் போகக்குள்ளயும் பாத்தாங்க. அப்ப வெக்கம் வரல்லயா? இன்னும் நல்லாப் பாக்கட்டும்!" அவள் குரல் உடைந்தது. உடைந்த குரலோடே கத்தினாள். "பதினொரு வருசம்! பதினொரு வருசம் உங்களுக்குச் சோறாக்கிப் போட்டவ எங்க கிடந்தாளெண்டு ஒரு மெசினட்டக் கேட்டீங்க!"

ஸலாஹுதீன் பெட்டியைக் கைமாற்றினான்.

"இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"அந்தச் சுவர்ல முப்பத்தொரு பேர். ஒராள் நான். மிச்சம் முப்பது வாசல். ஒவ்வொரு வாசல்லயும் போய் நில்லுங்க. வியாழன் ராவு என்ட பொண்டாட்டி எங்க நிண்டாளெண்டு உங்கட வாயாலக் கேளுங்க. அவங்கட வாயாலச் சொல்லுறத உங்கட காதாலக் கேட்டுத்து வாங்க. அதுவரைக்கும் இந்தக் கேற்று திறக்காது. இது என்ட வீடு. என்ட வாப்பா எனக்குக் கட்டித் தந்த வீடு."

"முப்பது வீடா?"

"முதல் வீட்டுக்குத் தூரம் போகத் தேவல்ல. மூண்டு வீடு தள்ளி."

அவன் புருவம் சுருங்கியது. "ராத்தா வீடா? ராத்தா எங்க மில்லுக்குப் போனா?"

"ராத்தா போகல்ல. கடைசிப் பேர வாசிக்கல்லயா? நான் கட்டி அடுக்கின பொதிய ஒவ்வொரு வியாழனும் எண்ணி எடுத்து லொறியில ஏத்தினது ஆரு? உங்கட மச்சான் ஹமீட். அஞ்சு வியாழனும் என்னக் கண்ட மனிசன். அவர்ட வீட்டுக்குள்ள இருந்துதான் உங்கட ராத்தா என்ட பேர நாறடிச்சா. ஒரே பாயில படுத்த மனிசனுக்கு ஒரு வார்த்தை, 'பொய் சொல்லாத, அந்தப் புள்ள மில்லிலதான் நிண்டிச்சி' எண்டு ஒரு வார்த்தை சொல்ல ஏலாமப் போச்சா? காலையில அவர்ட பேர் என்ட வாயில வந்திச்சி. உங்களுக்குப் பயந்துதான் விழுங்கினன். இனி விழுங்க மாட்டன். கேளுங்க. அவர் ஏன் வாயப் பொத்தினாரெண்டு போய்க் கேட்டுத்து வாங்க!"

ஸலாஹுதீன் அசையாமல் நின்றான். காலையில் மேசையில் தட்டிய கை இப்போது பெட்டியின் பிடியை நசித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோபம் இந்த முறை மைமூனாவை நோக்கி வரவில்லை.

தெரு முனையில் ஹோர்ன் சத்தம் கேட்டது. வெள்ளி சுபஹுக்குப் புறப்பட்ட லொறி சனி அந்திக்குத்தான் கொழும்பிலிருந்து திரும்பும். மில்லில் நிறுத்துவதற்கு முன்னால் ஹமீட் எப்போதும் தன் வீட்டு வாசலில் ஒருமுறை நிறுத்துவார். சாப்பாட்டுப் பாத்திரத்தை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஸலாஹுதீன் பெட்டியைச் சேற்றில் வைத்தான். நடுத்தெருவுக்குப் போய் இரண்டு கையையும் உயர்த்தினான்.

"மச்சான்! நிப்பாட்டுங்க! ஒரு வார்த்தை கேக்கணும்!"

முன்கண்ணாடிக்குப் பின்னால் ஹமீட்டின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அவர் ஸலாஹுதீனைப் பார்த்தார். சேற்றில் கிடந்த பெட்டியைப் பார்த்தார். கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மைமூனாவையும் பார்த்தார்.

லொறி ஒருமுறை வலப்பக்கம் வளைந்து, பெட்டியின் மேல் ஏறி நசித்து, உம்முவின் வாசலிலும் நிற்காமல், மில்லிலும் திரும்பாமல், கல்முனை றோட்டில் ஏறிப் போய்விட்டது.

பள்ளியில் மஹ்ரிப் பாங்கு தொடங்கியது. நாள் மாறிவிட்டது.